கடன் கொடுத்தவர் யார், கையெழுத்திட்ட தேதி எது?

தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரியும் தமிழ்நாட்டு வாசகி ஒருவர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"2025 மார்ச் மாதம் ஒரு கைபேசிச் செயலி வழியாக ₹60,000 கடன் வாங்கினேன். ஆண்டு வட்டி 18 சதவீதம், பன்னிரண்டு தவணை என்றார்கள். ஆனால் என் கணக்கில் வந்தது ₹56,200தான். பத்துத் தவணை ஒழுங்காகக் கட்டினேன். கடைசி இரண்டு நின்றுபோனதும் அபராத வட்டி போட்டார்கள், இப்போது அந்த அபராதத்துக்கும் வட்டி போடுகிறார்கள். என் அண்ணனுக்கும் தலைமையாசிரியைக்கும் என்னைப் பற்றிச் செய்தி அனுப்புகிறார்கள். 2025 மே மாதம் ஒரு நிதி நிறுவனத்தில் நகையை வைத்து ₹2,10,000 வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் கெடு முடிகிறது. புதிய சட்டப்படி அசலையும் வட்டியையும் முழுதாகக் கட்டினால்தான் மறு அடகு வைக்க முடியும் என்கிறார்கள். இவை தவிர, தெரிந்தவர் ஒருவரிடம் ₹50,000 வாங்கி நாற்பது வாரமாக வாரம் ₹1,500 வட்டி கட்டி வருகிறேன். கையெழுத்து மட்டும் போட்ட காசோலைகள் இரண்டு அவரிடம் உள்ளன. அரசு கடன் சட்டத்தையே மாற்றிவிட்டது, இனி யாரும் உன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்து மற்றொரு பாதியில் இருக்கிறது. கடந்த நான்கைந்து ஆண்டுகளில் கடன் வாங்குவோருக்கான விதிகள் நம் நாட்டில் பெருமளவு மாறியிருக்கின்றன என்பது சரி. ஆனால் அந்த மாற்றங்களில் ஒன்றுகூட, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லவில்லை. உங்கள் மூன்று கடன்களில் எதுவும் தள்ளுபடி ஆகவில்லை, ஆகப்போவதாக எந்த வரைவும் இல்லை. கடன் கொடுத்தவர் எவ்வளவு கேட்கலாம், எப்படிக் கேட்கலாம், எதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பவைதான் மாறியுள்ளன. அந்த எல்லைக்குள் நின்று பார்த்தால் உங்களுக்குச் சாதகமாகச் சொல்வதற்கு நிறையவே உண்டு.

இந்தியாவில் நுகர்வோர் கடனுக்கென்று ஒரே சட்டம் கிடையாது. ஓய்வுபெற்ற உச்சநீதிமன்ற நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் 2011இல் அமைக்கப்பட்ட நிதித்துறைச் சட்டச் சீர்திருத்த ஆணையம், 2013 மார்ச் மாதம் அளித்த அறிக்கையில், சிதறிக் கிடக்கும் சட்டங்களை ஒன்றாக்கி ஒரே நிதிச் சட்டத் தொகுப்பு வேண்டும் என்றும், வங்கி, காப்பீடு, முதலீடு என எந்தத் துறைக் குறையானாலும் நுகர்வோர் ஒரே வாசலில் முறையிடுவதற்கு ஒரு குறைதீர்ப்பு முகமை வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்தத் தொகுப்பு இன்றுவரை சட்டமாகவில்லை. என் பார்வையில் நம் நிதித்துறைச் சீர்திருத்தத்தின் மிகப் பெரிய குறை இதுவே. அதற்குப் பதிலாக நடந்திருப்பது, ரிசர்வ் வங்கி தன் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு சிக்கலாக எடுத்து நெறிமுறை வகுத்ததும், மாநில அரசு தன் அதிகாரத்துக்கு உட்பட்டவர்களுக்குத் தனியே சட்டம் இயற்றியதும்தான். ஆகவே என்னிடம் கடன் சிக்கலோடு வருபவர்களிடம் வட்டி எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. கடன் கொடுத்தவர் யார், நீங்கள் கையெழுத்திட்ட தேதி எது என்ற இரண்டையும்தான் கேட்கிறேன். உங்கள் மூன்று கடன்களும் மூன்று வேறு சட்ட உலகங்களில் இருக்கின்றன. ஒன்றுக்குப் பொருந்தும் விதியை இன்னொன்றுக்குச் சொன்னால் எதிர்த்தரப்பு சிரித்துவிட்டுப் போகும்.

செயலிக் கடனிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு அதிக உரிமை இருப்பதும், அதிக மீறல் நடந்திருப்பதும் அதில்தான்.

செயலி என்பது பெரும்பாலும் கடன் கொடுப்பவர் அன்று, கடனைப் பிடித்துக் கொடுக்கும் முகவர் மட்டுமே. அதற்குப் பின்னால் ஒரு வங்கியோ, ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற வங்கி சாரா நிதி நிறுவனமோ இருக்க வேண்டும். அந்தப் பெயர் உங்கள் கடன் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பதிவுபெற்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் கடன் செயலிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் 2025 ஜூலை முதல் கிடைக்கிறது. அது நிறுவனங்கள் தாமாகக் கொடுத்த விவரங்களை அப்படியே வெளியிடும் பட்டியல், செயலிக்குக் கொடுத்த நற்சான்றிதழ் அன்று. எனினும் உங்கள் செயலி அதில் இல்லை, ஒப்பந்தத்திலும் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை என்றால், கீழே நான் எழுதும் ரிசர்வ் வங்கி நெறிமுறைகளை நம்பிப் பயனில்லை. அது பதிவற்ற கடன் தொழில். அதற்குரிய இடம் இணையக் குற்றத் தடுப்புக்கான 1930 என்ற எண்ணும், பதிவற்ற நிதி அமைப்புகள் பற்றிப் புகார் செய்ய ரிசர்வ் வங்கி நடத்தும் சாசேத் தளமும், காவல் நிலையமும்தான். கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் முறையைப் பார்க்கும்போது பின்னால் ஒரு பதிவுபெற்ற நிறுவனம் இருப்பதாகவே தோன்றுவதால், அப்படியே வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

மின்வழிக் கடனுக்கான முதல் நெறிமுறைகளை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2 அன்று வெளியிட்டது. அவற்றைத் தொகுத்து விரிவுபடுத்திய புதிய நெறிமுறைகள் 2025 மே 8 அன்று வந்தன. நீங்கள் கடன் வாங்கியது மார்ச் மாதம் என்பதால், வாங்கிய நேரத்தில் உங்களுக்குப் பொருந்தியவை 2022ஆம் ஆண்டு விதிகள். இதில் ஒரு சிறு விந்தை உண்டு. கடன் வாங்கியவர் மனம் மாறினால் அசலையும் அந்தச் சில நாள்களுக்கான செலவையும் மட்டும் கட்டி, அபராதமின்றி விலகிக்கொள்ளும் அவகாசம், ஏழு நாளோ அதற்கு மேலோ காலவரை உள்ள கடன்களுக்குப் பழைய விதியில் குறைந்தது மூன்று நாள். புதிய விதியில் குறைந்தது ஒரு நாள்தான். சீர்திருத்தம் என்றாலே கடனாளிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏற்றம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு அந்த மூன்று நாளும் கடந்துவிட்டன என்பதால் இதை விட்டுவிடுவோம்.

இரண்டு நெறிமுறைகளுக்கும் பொதுவான, உங்களுக்கு இப்போதும் உதவக்கூடிய ஆவணம் முக்கிய விவர அறிக்கை எனப்படுவது. மின்வழிக் கடனுக்கு 2022 நெறிமுறைகளிலேயே இடம்பெற்ற இந்த அறிக்கையை, 2024 ஏப்ரல் 15 தேதியிட்ட சுற்றறிக்கையின் மூலம், 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான காலக்கடன்களுக்கும் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, கடனின் முழுச் செலவையும் இது சொல்ல வேண்டும். குறைந்தது ஏழு நாள் காலவரை உள்ள கடனுக்கு, அறிக்கையைப் படித்து முடிவெடுக்க மூன்று வேலை நாளாவது அவகாசம் தர வேண்டும். அந்த அறிக்கையில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் கடன் காலம் முழுவதிலும் வசூலிக்கக் கூடாது.

அதில் நீங்கள் தேட வேண்டிய எண் வட்டி விகிதம் அன்று, ஆண்டுச் செலவு விகிதம். அது ஏன் முக்கியம் என்பதை உங்கள் கணக்கைக் கொண்டே காட்டுகிறேன். ₹60,000 கடனுக்கு 18 சதவீத வட்டியில் பன்னிரண்டு மாதத் தவணை சுமார் ₹5,501 வரும். நீங்களும் ஏறக்குறைய அதைத்தான் கட்டியிருப்பீர்கள். ஆனால் பரிசீலனைக் கட்டணம், அதற்கான வரி, நீங்கள் கேட்காத காப்பீட்டுக்கான தொகை என்று ₹3,800 முதலிலேயே பிடித்துக்கொள்ளப்பட்டதால், உங்கள் கைக்கு வந்தது ₹56,200. அதாவது ₹56,200 வாங்கிக்கொண்டு மாதம் ₹5,501 வீதம் பன்னிரண்டு முறை கட்டுகிறீர்கள். இப்படிக் கணக்கிட்டால் ஆண்டுச் செலவு ஏறக்குறைய 31 சதவீதம். கடனின் காலம் குறுகக் குறுக, முன்கூட்டிப் பிடிக்கும் தொகை இந்த விகிதத்தை மேலும் மேலும் ஏற்றிவிடும். குறுகிய காலச் செயலிக் கடன்களில் வட்டியை அடக்கமாகச் சொல்லிக் கட்டணத்தை அடுக்குவதன் சூட்சுமம் இதுதான். காப்பீட்டு நிறுவனம் போன்ற மூன்றாம் தரப்புக்காகப் பிடிக்கும் தொகையும் இந்த விகிதத்துக்குள் வர வேண்டும், தனியாகவும் காட்டப்பட வேண்டும், அதற்கான ரசீதும் உங்களுக்குத் தரப்பட வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது.

ஆகவே உங்கள் மின்னஞ்சலிலும் செயலிக்குள்ளும் தேடி அந்த அறிக்கையை எடுங்கள். அதில் சுமார் 31 சதவீதம் என்று எழுதியிருந்து நீங்கள் ஒப்புதல் கொடுத்திருந்தால், விகிதம் அதிகம் என்று இப்போது வாதிடுவது கடினம். இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட விரும்பவில்லை. 18 சதவீதம் என்று மட்டும் எழுதியிருந்தாலோ, காப்பீட்டுத் தொகை அதில் இல்லாமலிருந்தாலோ, அறிக்கையே தரப்படவில்லை என்றாலோ நிலைமை தலைகீழ். அப்போது பிடித்த தொகையைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு வலுவான அடிப்படை இருக்கிறது.

அபராத வட்டி விஷயத்தில் அவ்வளவு தயக்கம் தேவையில்லை. 2023 ஆகஸ்ட் 18 தேதியிட்ட ரிசர்வ் வங்கி உத்தரவு, தவணை தவறியதற்கு அபராதம் விதிக்கலாம், ஆனால் அதை வட்டி விகிதத்தோடு கூடுதலாகச் சேர்க்கும் அபராத வட்டியாக விதிக்கக் கூடாது என்றும், விதித்த அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கு மேலும் வட்டி போடக் கூடாது என்றும் கூறுகிறது. புதிய கடன்களுக்கு இது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் கடன் அதற்குப் பின் வாங்கியது. எனவே கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். அபராதத்தின் மீது வட்டி ஏறியிருப்பது அதில் தெரிந்தால் நேரடி மீறல் அது. நீங்கள் தர வேண்டியது இரண்டு தவணையும், ஒப்பந்தப்படியான நியாயமான அபராதமும், தாமத காலத்துக்கான வழக்கமான வட்டியும் மட்டுமே.

அண்ணனுக்கும் தலைமையாசிரியைக்கும் செய்தி போனது எப்படி என்பதையும் கேள்வியாக்க வேண்டும். கடன் செயலிகள் கைபேசியின் தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள், கோப்புகள், படங்கள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்பது 2022இலிருந்தே விதி. அடையாளச் சரிபார்ப்புக்காகக் கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம் ஆகியவற்றை உங்கள் ஒப்புதலோடு ஒரு முறை பயன்படுத்தலாம், அவ்வளவே. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, கடனாளியின் உறவினரிடமும் நண்பரிடமும் அவமானப்படுத்தும் நோக்கில் பேசக் கூடாது என்று 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி மீண்டும் வலியுறுத்தியது. முகவர் செய்ததற்கு நிறுவனமே பொறுப்பு. "அது வெளி ஏஜென்சி செய்தது, எங்களுக்குத் தெரியாது" என்ற பதிலை ஏற்க வேண்டாம். அந்தச் செய்திகளின் திரைப்படிவங்களை அண்ணனிடமிருந்தும் தலைமையாசிரியையிடமிருந்தும் வாங்கி வையுங்கள். கூச்சமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலானவை சாட்சியம் இல்லாமல் தோற்றதற்கு இந்தக் கூச்சம்தான் காரணம்.

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் முக்கிய விவர அறிக்கையிலேயே இருக்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாக முறையிடலாம். வங்கிகளுக்கும் வங்கி சாரா நிறுவனங்களுக்கும் தனித்தனியே இருந்த குறைதீர்ப்புத் திட்டங்கள் 2021 நவம்பர் 12 அன்று ஒன்றாக்கப்பட்டதன் பயன் இது. ஐயம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் தேவையில்லை. சொல்லப்போனால் உங்களுக்காக வழக்கறிஞர் அங்கே முறையிடவே முடியாது. என் தொழிலுக்கு இழப்பு என்றாலும் நல்ல விதி என்றே சொல்வேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நிதிச் சேவையையும் சேவை என்றே கருதுகிறது. ஆனால் ஒரே விஷயத்துக்கு அங்கே வழக்குத் தொடுத்துவிட்டால் குறைதீர்ப்பாளர் அதை எடுக்கமாட்டார். ஆகவே முதலில் குறைதீர்ப்பாளர், பிறகு தேவைப்பட்டால் ஆணையம் என்பதே என் ஆலோசனை.

புகாரில் சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டால், "அது ரத்தாகிவிட்டது" என்று சிலர் பதில் எழுதுகிறார்கள். 2025 நவம்பர் 28 அன்று ரிசர்வ் வங்கி ஆயிரக்கணக்கான பழைய சுற்றறிக்கைகளைத் திரும்பப் பெற்று, அவற்றின் உள்ளடக்கத்தை 244 தொகுப்பு நெறிமுறைகளாக மாற்றி வெளியிட்டது உண்மைதான். அங்கே மாறியது புத்தகத்தின் அடுக்குமுறை. மேலே சொன்ன பாதுகாப்புகள் அப்படியே அந்தத் தொகுப்புகளுக்குள் இருக்கின்றன.

அடுத்து நகைக்கடன். புதிய சட்டப்படி முழுத்தொகையும் கட்ட வேண்டும் என்று கிளையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு விதி இல்லை.

என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகைக்கடன் வழங்குவதில் பல முறைகேடுகள் இருப்பதாக 2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி சுட்டிக்காட்டியது. 2025 ஏப்ரலில் ஒரு வரைவு வந்தது. அதன் மீது தமிழ்நாட்டிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு 2025 ஜூன் 6 அன்று இறுதி நெறிமுறைகள் வெளியாயின. அவற்றை 2026 ஏப்ரல் 1க்குள் எல்லா வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. வரைவுக்கும் இறுதி விதிக்கும் இடையே கணிசமான வேறுபாடு உண்டு. செய்தித்தாளில் வரைவைப் படித்தவர்கள் இன்னும் வரைவையே சட்டம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், சில கிளைகளின் ஊழியர்கள் உட்பட.

இறுதி விதிப்படி, கெடு முடிவில் அசலையும் வட்டியையும் ஒன்றாகக் கட்டும் வகையிலான உங்கள் கடனைப் புதுப்பிக்க, அதுவரை சேர்ந்த வட்டியைக் கட்டியிருக்க வேண்டும். கடன் வாராக்கடனாகியிருக்கக் கூடாது. நகை மதிப்புக்கும் கடனுக்கும் உள்ள விகிதம் அனுமதித்த வரம்புக்குள் இருக்க வேண்டும். அசலைக் கட்டியாக வேண்டும் என்று இல்லை. முன்பு பொதுவாக 75 சதவீதமாக இருந்த அந்த வரம்பு, இப்போது சொந்தச் செலவுக்கான கடனில் ₹2,50,000 வரை 85 சதவீதம், அதற்கு மேல் ₹5,00,000 வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம். ஆனால் உங்கள் வகைக் கடனுக்கு இதைக் கணக்கிடும்போது அசலை மட்டும் பார்க்கமாட்டார்கள், கெடுவில் கட்ட வேண்டிய வட்டியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் நகையின் மதிப்பு ₹3,00,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 85 சதவீதம் ₹2,55,000. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால், ₹2,10,000 அசலுக்கு ஓராண்டு முடிவில் ₹2,35,200 ஆகும். வரம்புக்குள் வந்துவிடுகிறது. உங்கள் கடன் ₹2,50,000க்குள் இருப்பதால், திருப்பிச் செலுத்தும் திறன் பற்றிய விரிவான ஆய்வும் விதிப்படி தேவையில்லை.

இருந்தாலும், விதி அனுமதிக்கிறது என்பதால் நிறுவனம் புதுப்பித்தே தீர வேண்டும் என்றாகாது. தன் கொள்கைப்படி அது மறுக்கலாம். மறுக்கும் காரணம் அதன் சொந்தக் கொள்கையா, ரிசர்வ் வங்கி விதியா என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் "சட்டம்" என்று சொல்பவர்களில் பலர், எழுதிக் கேட்டவுடன் மேலாளரிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மறுத்தால், வேறொரு வங்கியில் நகையை மாற்றி வைக்கவும் போதிய நாள் வேண்டும். ஆகவே கெடு முடியும் வரை காத்திராமல் இந்த வாரமே புதுப்பிக்கக் கோரி எழுதிக் கொடுங்கள்.

புதுப்பிக்கும்போது புதிய விதிகளின் பயனையும் கேட்டுப் பெறுங்கள். நகையை எடைபோட்டு மாற்றுப் பார்ப்பது உங்கள் முன்னிலையில் நடக்க வேண்டும். மொத்த எடை, கல் முதலியவற்றுக்கான கழிவு, நிகர எடை, தரம், மதிப்பு ஆகியவை அடங்கிய சான்றிதழின் ஒரு படி உங்களிடம் இருக்க வேண்டும். கடனை முழுதாகக் கட்டிய அன்றே, அல்லது அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்பி வர வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ₹5,000 இழப்பீடு உண்டு. ஏலம் என்ற நிலை வந்தால் முன்னறிவிப்பு தர வேண்டும். நகையின் அப்போதைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் தொடக்க விலை வைக்க வேண்டும். இரண்டு ஏலம் பலிக்காமல் போனால்தான் அதை 85 ஆக இறக்கலாம். பாக்கி போக மிஞ்சிய பணம் உங்களுக்கே உரியது.

மூன்றாவது கடன்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ரிசர்வ் வங்கியின் நெறிமுறை எதுவும் அந்த நபரைத் தொடாது. அங்கே துணை நிற்பது மாநிலச் சட்டம். நேர்மாறாக, பதிவுபெற்ற வங்கி சாரா நிறுவனங்களின் வட்டியை மாநிலத்தின் வட்டித்தொழில் சட்டத்தால் கட்டுப்படுத்த முடியாது என்று கேரள, குஜராத் சட்டங்கள் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 2022 மே 10 அன்று தீர்ப்பளித்துவிட்டது. எனவே உங்கள் செயலிக் கடனுக்கோ நகைக்கடனுக்கோ கந்துவட்டிச் சட்டத்தைக் காட்டி வட்டியைக் குறைக்க முயல வேண்டாம்.

₹50,000க்கு வாரம் ₹1,500 என்றால் ஆண்டுக்கு 156 சதவீதம். நாற்பது வாரத்தில் ₹60,000 கட்டியிருக்கிறீர்கள், அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு மிகை வட்டி தடைச் சட்டம் இதைக் குற்றமாக்குகிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் ₹30,000 வரை அபராதமும் விதிக்கலாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று மக்கள் பேசும் சொற்களையே எடுத்து வரையறை எழுதிய அரிதான சட்டம் அது. நியாயமாகத் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்திவிட்டுக் கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரும் வழியும் அதில் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. இதற்கு மேல், கடன் வசூலில் மிரட்டலையும் வற்புறுத்தலையும் தடுக்கும் தனிச் சட்டம் ஒன்றை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றி, அது ஜூன் மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. உங்கள் உறவினர்கள் கேள்விப்பட்டது இதைத்தான் என நினைக்கிறேன். அது மிரட்டுபவரைத் தண்டிக்கும் சட்டம், கடனை அழிக்கும் சட்டமன்று. பதிவற்ற கடன் தொழிலை நாடு முழுவதும் தடைசெய்ய 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்டது கருத்துக் கேட்புக்கான வரைவு. வரைவை வைத்து வழக்கு நடத்த முடியாது.

காசோலைகளைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலை செல்லாது என்று நினைக்கிறார்கள். 2019 பிப்ரவரி 6 அன்று பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது வேறு. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்ததுதான் என்ற சட்ட ஊகம் நிற்கும். அந்த ஊகத்தை உடைக்கும் சுமை உங்களுடையது. அவர் அதில் ₹3,00,000 என்று எழுதிப் போட்டாலும் வழக்கு உங்கள் மீது பாயும். ஆகவே நீங்கள் வாங்கியது ₹50,000தான், இதுவரை கட்டியது இவ்வளவு என்பதற்கான ஆதாரத்தை அவர் காசோலையைப் போடுவதற்கு முன்பே உருவாக்க வேண்டும். கைபேசி வழியாகப் பணம் அனுப்பிய பதிவுகள், வாட்ஸ்அப் உரையாடல்கள், ரொக்கமாகக் கொடுத்த நாள்கள் பற்றிய குறிப்பு ஆகிய எல்லாவற்றையும் தொகுத்து, காசோலை எண்களையும் குறிப்பிட்டு, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் மூலம் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். கணக்கை மூடுவதோ, காசோலைக்குப் பணம் தராதே என்று வங்கிக்கு எழுதுவதோ மட்டும் வழக்கைத் தடுக்காது. காசோலை திரும்பி அவரிடமிருந்து அறிவிப்பு வந்தால், பதினைந்து நாளுக்குள் பதில் போயாக வேண்டும். அந்தக் கடிதத்தை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இனிமேல் அவருக்கு ரொக்கமாக எதுவும் கொடுக்க வேண்டாம். கொடுப்பதென்றால் வங்கி வழியாக, "அசல்" என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். மிரட்டினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதற்கான ரசீதை வாங்குங்கள்.

கைவசம் ஓரளவு பணம்தான் இருக்கிறது என்றால், முதலில் நகைக்கடனின் வட்டி. புதுப்பிக்கும் கதவு அதனால்தான் திறக்கும். அடுத்து, செயலிக் கடனின் இரண்டு தவணைகளையும் அபராதத்தில் தகராறு இருப்பதாக எழுதிவைத்துவிட்டுக் கட்டிவிடுங்கள். கட்டிய பிறகு கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கொரு முறை கட்டணமின்றிக் கிடைக்கும் முழு அறிக்கையை வாங்கி, பாக்கி இல்லை என்று பதிவாகியிருக்கிறதா எனப் பாருங்கள். தவறு இருந்து, திருத்தக் கோரி முப்பது நாள் ஆகியும் திருத்தாவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு ₹100 வீதம் இழப்பீடு கேட்கலாம். முக்கிய விவர அறிக்கை கிடைத்தால், உங்கள் பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு ஒரு படியை எனக்கு அனுப்புங்கள். அந்த ₹3,800இல் எவ்வளவைத் திருப்பிக் கேட்கலாம் என்பதை அதைப் பார்த்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும்.